அறைக்கு நாலு பேர்

பொன்மணி: போனைக் குடுக்க அம்மா வீட்டுல இல்லலே. இருக்கன்குடிக்குப் போயிருக்கு.

கதிரவன்: தீவாளி சீசன் நேரத்துல கோயிலுக்கா? அதிசயமா இருக்கேக்கா.

பொன்மணி: கம்பெனி பூட்டிக் கெடக்குல்ல...

கதிரவன்: ம்... நேத்துப் பேப்பர்ல பார்த்தேன். பட்டாசுக்கு மருந்து அடைக்கிற ரூமுதான் வெடிச்சுதாமே. செத்தவுக நாலு பேரு பேரையும் ரெண்டு தடவை வாசிச்சேன். அம்மா பேரு இல்லைன்னதும்தான் உசுரு வந்துச்சு.

பொன்மணி: சரி... ஒன் காலேஜு லேப் மிஷினு என்னாச்சு? நேத்து பரிச்சைன்னியே. அம்மா கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

கதிரவன்: ஊத்திக்கிச்சு. எலெக்ட்ரானைக் கொத்துக் கொத்தா குழாய்க்குள்ள விடுவோம்னு சொன்னேன்ல? அதுக ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும்.

பொன்மணி: நம்ம சித்தப்பாமாரு மாதிரி.

கதிரவன்: அதேதான். வேகம் பிடிச்சிட்டா தள்ளுறது அடங்கிரும். மெதுவாக் கெளம்புற மொத எடத்துலதான் ஆபத்து. அந்த எடத்தைத்தான் இன்ஜெக்டர்ங்கோம். கொத்துக்கு இம்புட்டுத்தான்னு ஒரு அளவு இருக்கு.

பொன்மணி: மீறினா?

கதிரவன்: ஊதிப்போயி, குழாய்ச் சுவத்துல முட்டிச் சிதறிரும். மிச்சம் ஒண்ணும் வராது.

பொன்மணி: அளவு தெரிஞ்சவன்தானே நீ...

கதிரவன்: யார்ட்டயும் சொல்லிராத... நாந்தான் கூட விட்டேன். ரிசல்ட்டு பளிச்சுன்னு வரணும்னு ஆசை. நோட்டுல மட்டும் சரியான அளவை எழுதி வச்சிட்டேன். சாயங்காலம் சார் கேப்பாரு.

பொன்மணி: உள்ளதைச் சொல்லிரு.

கதிரவன்: சொன்னா ஆறு மாசத்துக்கு மிஷினைத் தொட விடமாட்டாகக்கா.

பொன்மணி: விடாட்டிப் போகட்டும். எழுதினது ஒண்ணு, உள்ள இருந்தது ஒண்ணுன்னா... பின்னால தேடுறவுக எங்கனன்னு தேடுவாக?

கதிரவன்: ஏன் அழுகுற? நான் சொல்லிருதேன், போதுமா? அம்மா வந்ததும் போன் போடச் சொல்லு.

பொன்மணி: கதிரு... ரூமுக்கு நாலு பேருதானே சட்டம்?

கதிரவன்: ஆமா. லோடு அவசரம்னா அஞ்சாவதா ஒரு ஆளைத் திணிப்பாக. ஆபீசர் ஜீப்பு வந்தா அந்த ஆளு பின்வாசல் வழியா ஓடணும். அம்மாதான் சொல்லிச் சிரிக்குமே... அக்கா? ...அக்கா, அந்த ஆளு பேரை ரிஜிஸ்டர்ல...

பொன்மணி: எழுத மாட்டாகலே. அதான் பேப்பர்லயும் வரலை. ஒன் பரிச்சை முடியட்டும்னு ரெண்டு நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன். அப்படி ஒரு ஆளு அன்னிக்கு வேலைக்கே வரலைன்னு கம்பெனியில அடிச்சுச் சொல்லுதாக. கால் தழும்பை வச்சு, அது அம்மாதான்னு நான் சொன்னேன்... நீயும் வந்து சொல்லுலே.