சைரன் ஊதும்வரை வீட்டில் இரு

கூட்டம் சேர்க்க பிங்கோ விளையாட்டை மிஞ்சிய வழி எனக்குத் தெரியாது, ஐயா. பரிசு ஒரு பிரஷர் குக்கர் என்றால் எங்கள் மினாஸ் சுரங்கப் பக்கத்தில் நடக்கமுடியாதவனும் எழுந்து வருவான்.

நான் இரும்புத்தாது அள்ளியவன். முதுகு போனபிறகு கம்பெனி என்னைப் பாதுகாப்புப் பேச்சாளன் ஆக்கியது. மேலே சுரங்கக் கழிவுச் சேற்றைத் தேக்கிய அணை. கீழே எங்கள் குடியிருப்பு. நான் வருவதற்கு முன்னால் எஞ்சினியர் ஒன்று சொல்வார், பாதிரியார் ஒன்று சொல்வார், ரேடியோ வேறொன்று சொல்லும். சனம் இன்று மூட்டை கட்டும், நாளை அவிழ்க்கும். ஆட்டுமந்தைக்கு அதைவிட ஒழுங்கு உண்டு. நான் ஒரே பேச்சை வைத்தேன்: சைரன் ஊதினால் மேட்டுக்கு ஓடு, ஊதும்வரை வீட்டில் இரு. கோயிலிலும் அதே, கஷாசா சாராயக் கடையிலும் அதே. ஒத்திகை முடிந்ததும் பிங்கோ; சைரனுக்கு முந்தி ஓடியவனுக்கு அட்டை கிடையாது.

சலவைக்காரி ஜுரேமா ஒருமுறை லாரி டயர் வெடித்ததற்கே ஓடினாள். மைக்கில் அவளை 'முயல்' என்றேன். ஊரே பிடித்துக்கொண்டது.

அன்று மதியம் மேட்டிலிருந்த என் அறைக்கு வந்தாள். முழங்கால்வரை சிவப்புச் சேறு.

"ஜெனிவால், அணைக்குக் கீழ தண்ணி பீச்சிக்கிட்டு வருதுடா. சேறா வருது. ஊதிவிடு."

"இன்னிக்கு பிங்கோ இல்லியே, முயலம்மா."

"சிரிக்காத. எம் மக பிள்ளை பெத்துப் படுத்திருக்கா, தூக்க ஆளில்ல. கத்துறேன், ஒருத்தனும் அசையல. சைரன் ஊதலையேங்கிறானுங்க. மருமகன்கூட முயலுன்னு இளிக்கிறான்."

"அப்ப பாடம் நல்லா ஏறியிருக்கு."

"நாசமாப் போறவனே, நீயும் இந்தச் சேத்துல வளந்தவன்தானடா!"

கீழே ஓடினாள். அணை கசிவது எனக்குக் காலையிலேயே தெரியும். அவள் போனதும், ஊத அனுமதி கேட்டு ஆபீசுக்கு போன் போட்டேன். பெரியவர் சாப்பிடுகிறார், காத்திரு என்றார்கள். சைரன் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான். அழுத்தி, அணை உடையாமல் நின்றுவிட்டால்? அப்புறம் என் பேச்சை எவன் மதிப்பான்?

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லோரும் அவரவர் வாசலில் நின்று சைரன் கம்பத்தையே அண்ணாந்து பார்த்தார்கள். எவனும் படி இறங்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு சேறு வந்தது.

ஆமாம், நான் அழுத்தவில்லை. உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் எழுதுங்கள்: ஊரே சொன்னபடி நின்றது. சேற்றைத் தோண்டியபோது ஜுரேமா ஒருத்திதான் மகளை மெத்தையோடு இழுத்தபடி நடுத்தெருவில் கிடந்தாள். எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு ஏறாது.