சிமெண்டுக்கு எங்கே கத்தி வைப்பது

— பசி காதை அடைக்குது டாக்டரம்மா. சீக்கிரம் கத்தியை எடுங்க.

— செல்வராஜண்ணே, வெறும் வயித்துல இருக்கணும்னு சொன்னது சிமெண்டுக்கு. நாய்க்கு மட்டும்தான்.

— அது பட்டினி கெடக்கையில நாங்க எப்படித் திங்கிறது? எங்க புக்கிட் பாஞ்சாங் சைட்ல இன்னைக்கு ஒருத்தன் சாப்பாட்டு டப்பாவைத் தொறக்கல.

— ஐயோ, பாவம் லா. சரி, போன்ல மூணு வழி சொன்னேனே, யோசிச்சீங்களா? அடிவயித்துல நடுவுல கீறலாம். விலாப்பக்கம் கீறலாம். இல்ல, சின்னதா ஓட்டை போட்டு கேமரா விட்டுச் செய்யலாம்.

— குழாய்க்குள்ள வெல்டிங் பாக்க நாங்களும் கேமரா விடுவோம். அதுல என்னத்த எடுப்பீங்க?

— சினைப்பை ரெண்டையும். கர்ப்பப்பையை விட்டுருவேன்.

— மிஷினைக் கழட்டிட்டு கொட்டகைய விட்டுட்டு வருவீங்க. பொறவு குட்டி போட்டா சூப்பர்வைசர் சுந்தரம் சாருக்கு யாரு பதில் சொல்றது? குட்டின்னு ஒண்ணு வந்தா தாயையும் நாய் பிடிக்கிறவங்ககிட்டக் குடுத்துருவேன்னு நிக்கிறாரு மனுசன்.

— சினைப்பை போனா குட்டி வராது அண்ணே. வலியும் கம்மி. சீக்கிரம் ஓடும். ஆனா ஓட விடக்கூடாது, பத்து நாள் ரெஸ்ட்.

— நாய்க்குப் பத்து நாளா? எனக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் ஆன நாலாம் நாளு கிரைண்டர் பிடிச்சேன்.

— அதான் இன்னும் இடுப்பைப் பிடிச்சுட்டு நிக்கிறீங்க. நடுவுல கீறட்டுமா? உள்ள நல்லாத் தெரியும், எனக்கும் கைப்பழக்கம்.

— வேணாம். மொத்த எடையும் தையல்ல தொங்கும். அப்படி ஒரு ஜாயிண்டை எங்க இன்ஸ்பெக்டரே விடமாட்டாரு. அது வேற சேத்துல வயித்தைத் தேச்சுக்கிட்டே படுக்கும்.

— அடுக்கடுக்கா தைப்போம், அவ்ளோ சுலபமாப் பிரியாது லா.

— விலாவுல போட்டா?

— வாசல் சின்னது, உள்ள தேடணும். ஆனா தையல் எப்படி இருக்குன்னு தூரத்துல இருந்தே பாக்கலாம். புரட்ட வேணாம்.

— புரட்டினா கடிச்சு வச்சுரும். விலாவே போடுங்க.

— சரி, பிடிச்சுக்குங்க. முடியை மழிக்கிறேன்... அண்ணே, இங்க ஒரு தழும்பு இருக்கு.

— கம்பி கிழிச்சிருக்கும்.

— கம்பி இவ்ளோ நேராக் கிழிக்காது. இவ தலையில கட்டியிருக்கிற துண்டை அவுத்துருங்க.

— வெயிலுக்குக் கட்டினது. நாங்க ஹெல்மெட்டுக்குள்ள கட்டுறோம்ல, அந்த மாதிரி. காதைப் பாக்குறீங்களா? நுனி எங்கேயோ சண்டையில போயிருச்சு.

— சண்டையில போகல. தெருநாய்க்கு ஆபரேஷன் முடிஞ்சா அடையாளத்துக்கு நுனியை எடுத்துருவாங்க. நம்ம இவ்ளோ நேரம் பேசினது வீண். இவளுக்கு எப்பவோ கத்தி வச்சு முடிச்சுட்டாங்க.

— அப்ப குட்டி?

— வராது. ஸ்கேன்ல ஒரு தடவை பாத்துட்டு நானே சுந்தரம் சாருக்குப் போன் போட்டுச் சொல்றேன்.

— அவருக்குச் சொல்லிருவீங்க. அம்மனுக்கு? சிமெண்டு கத்திக்குத் தப்பி உசுரோட வந்தா மொட்டை போடுறோம்னு தேக்கா காளியம்மன்கிட்ட வேண்டியாச்சு.

— நான்தான் கத்தியே வைக்கலையே.

— யாரோ வச்சிருக்காங்கல்ல. உசுரோடதான நிக்குது.

— சரி, போடுங்க. ஒரு தலைதானே.

— எங்க ரூம்ல பன்னெண்டு பேரு. அம்மனுக்குப் பதிமூணு மொட்டை பாக்கி.

— பதிமூணாவது யாரு?

— சுந்தரம் சார். நாங்க கோயிலுக்குப் போறதுக்கு முன்னாலயே அம்மன் முன்னால கண்ணை மூடிக்கிட்டு நின்னாரு.