ஓம், உப்புத்தான்

இல்லை. எழுதியதால் அவர் இறக்கவில்லை.

எலிக்காய்ச்சலால் இறந்தார். வயல் சேற்றில் நின்றார். காய்ச்சல் வந்தது. பனடோல் போட்டுக்கொண்டு மறுபடியும் வயலில் நின்றார். பிறகு ஆஸ்பத்திரி. பிறகு இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். செத்தவீட்டிலும் என்னிடம் கேட்டார்கள், இன்று இந்த மண்டப வாசலிலும் கேட்டார்கள். ‘எழுதினதாலயோ பிள்ளை?’ குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். ஏன் தாழ்த்த வேண்டும்? அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வணக்கம். இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கமக்காரர் அமைப்பின் தலைவர் கதிர்காமநாதன் ஐயாவுக்கும், முன்வரிசையில் தலை குனிந்திருக்கும் பிரதாபன் அண்ணாவுக்கும், வயலிலிருந்து கால் கழுவிக்கொண்டு நேரே வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும். என் பெயர் யதுர்ஷிகா. அமரர் திருமதி சுகந்தினி பிரதாபன் நடத்திய ‘கண்டாவளைக் குத்தரிசி’ என்ற வலைப்பூவுக்கு எழுத்துப்பிழை திருத்தியவள். படம் ஏற்றியவள். இன்று அதன் கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இரங்கல் உரையில் இப்படிச் சொல்வதில்லை என்று தெரியும். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்திருப்பதை முன்வரிசையில் இருப்பவர்கள் பார்க்கிறீர்கள். அதனால் சொல்லிவிட்டேன்.

வலைப்பூ தொடங்கினால் என்ன லாபம்?

இது என் கேள்வி அல்ல. சுகந்தினி அக்காவின் கேள்வி. இதே பொதுநோக்கு மண்டபத்தில், அந்தக் கரும்பலகையில், சுண்ணக்கட்டியால் எழுதினார். அன்று அவர் நடத்திய வலைப்பூ வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப்பேர் தேத்தண்ணிக்கும் வடைக்கும் வந்தவர்கள். அது அவருக்கும் தெரியும். வடையைக் கடைசியில்தான் கொடுத்தார்.

பேஸ்புக் இருக்கும்போது இது எதற்கு என்று யாரோ கேட்டார்கள். அக்கா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“பேஸ்புக் சந்தைப் பந்தல். பின்னேரம் கழட்டிப்போடுவாங்கள். நேற்று நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு இண்டைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. வலைப்பூ எங்கட வளவு, எங்கட வீடு வாசல். ஆக்கள் தேடி வருவினம். நாங்கள் இல்லாட்டியும் வந்து பாத்திட்டுப் போவினம்.”

நாங்கள் இல்லாவிட்டாலும். அன்று அதைக் கேட்டு யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அரிசி விற்கத்தான் தொடங்கினார். மொட்டைக்கறுப்பன் நெல்லை ஊறவைத்து, அவித்து, குத்தி, பையில் அடைத்து விற்றார். பை விற்றதைவிட அதிகம் எழுதினார். கஞ்சி எப்படிக் காய்ச்சுவது, மழைக்காலத்தில் மா வண்டு பிடிக்காமல் எப்படி வைப்பது, இந்த அரிசி ஏன் சீக்கிரம் வேகாது. ‘இவா அரிசி விக்கிறாவோ, கதை விக்கிறாவோ?’ என்று பிரதாபன் அண்ணா கேட்பார். ‘கதைக்குக் காசில்லையப்பா, அரிசிக்குத்தான்’ என்பார் அக்கா. அந்தக் கதையைத் தேடிப் படித்துவிட்டுத்தான் வவுனியாவிலிருந்து ஒரு சாப்பாட்டுக்கடைக்காரர் வந்தார். கனடாவிலிருந்து ஒரு தாய், பால் மறந்த பிள்ளைக்கு இந்தக் கஞ்சி கொடுக்கலாமா என்று கேட்டு எழுதினார். விளம்பரத்துக்கு வரும் ஆள் விலை கேட்பார். எழுத்தைப் படித்துவிட்டு வரும் ஆள் பிள்ளையைப் பற்றிக் கேட்கிறார். இது லாபம் இல்லையா? லாபம்தான்.

பிறகு ஒரு நாள் ஒரு பதிவின் கீழ் அந்தக் கருத்து வந்தது. முல்லைத்தீவிலிருந்து, புனிதமலர் என்ற வாடிக்கையாளர். இந்த முறை அரிசி உப்புக் கரிக்கிறது, கஞ்சிக்கு நான் உப்பே போடவில்லை என்று எழுதியிருந்தார். எல்லோரும் பார்க்கும் இடத்தில்.

அண்ணா, இதைச் சொல்வதற்கு என்னை மன்னிக்க வேண்டும். நீங்கள் பயந்தீர்கள். “இஞ்சரப்பா, உந்தக் கருத்தை அழிச்சு விடும்” என்றீர்கள்.

“அழிச்சா அரிசி இனிக்குமோ?”

அவ்வளவுதான் சொன்னார். என்னை இருத்தி, பதில் தட்டச்சச் சொன்னார். “ஓம், உப்புத்தான். நானும் ருசி பார்த்தேன். ஏன் என்று தேடுகிறேன்.” அதற்குக் கீழே தன் முழுப்பெயர். அதற்கும் கீழே ஊர்.

ஓம், உப்புத்தான். எந்த வியாபாரி இப்படி எழுதுவார்? எந்த அலுவலகம் எழுதும்? நம்மில் யார் எழுதுவோம்?

தேடினார். நெல் ஊறவைத்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். பக்கத்து வளவுக் கிணறு. அதற்கடுத்தது. ஆற்றுப்பக்கம் போகப்போக உப்பு ஏறியது. ஆற்றுக்குப் போனார். மணல் அள்ளிய குழிகள், ஆள் உயரத்துக்கு. டிப்பர் இறங்கி ஏறிய தடம். படம் எடுத்தார். ‘எங்கள் கிணறு ஏன் உப்பானது?’ என்று தலைப்பிட்டு எழுதினார். ஆற்று மணல் போனதால் கடல் உப்பு உள்ளே ஏறுகிறதோ என்று கேட்டார். யாரையும் பெயர் சொல்லவில்லை. கண்டதைக் கண்டேன் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதினார். விளக்கம் தெரிந்தவர்கள் திருத்துங்கள் என்று முடித்தார். அதைப் படித்துவிட்டு ஓர் அதிகாரி வந்து, கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோனார். முடிவு இன்னும் வரவில்லை.

அதிகாரிக்குப் பிறகு ஒரு தம்பி வந்தார். மோட்டார் சைக்கிளில், மரியாதையாக. அக்காவின் கடைக்குள் வந்து ஒரு பை அரிசியும் வாங்கினார். அக்கா, நீங்கள் அரிசியைப் பற்றி எழுதுங்கோ, ஆறு உங்களுக்கு எதுக்கு என்று கேட்டார். ‘ரெண்டும் ஒரு தண்ணிதானே தம்பி’ என்று அக்கா சொன்னார். மிச்சக் காசைக் கையில் கொடுத்தார். நான் உள்ளே அலுமாரிக்குப் பின்னால் நின்றேன்.

அக்கா இறந்த பிறகு அந்தத் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். கேற்றுக்கு வெளியே நின்றபடியே கதைத்தார்.

“தங்கச்சி, அவா எழுதிப் போட்டா. அவா போயிட்டா. இனி அதுக்கு ஆர் பொறுப்பு? ஒருத்தரும் இல்லை. அதை எடுத்து விடுங்கோ, எல்லாருக்கும் நிம்மதி.” ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே கேட்டார்: “அம்மாவும் நீங்களும் மட்டும்தானே இருக்கிறியள்?”

ஓம் என்றேன். அதற்கு வேறு என்ன சொல்வது?

இன்னொன்று. சந்தியில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிப் பதாகை. அமைப்பு அன்போடு அச்சடித்தது. அக்காவின் சிரித்த படம். கீழே, துயர் பகிர்வோர். அதில் கடைசியாக, ‘வலைப்பூ நிர்வாகி யதுர்ஷிகா’. பக்கத்தில் என் தொலைபேசி இலக்கம். தொடர்புக்கு. நல்ல மனத்தோடுதான் போட்டீர்கள், ஐயா. எனக்கு மதிப்புத் தருவதாக நினைத்துப் போட்டீர்கள். அதுவரை அந்த வலைப்பூவில் நான் வெறும் ‘நிர்வாகி’. முகம் இல்லை. அந்தப் பதாகை கட்டிய நாளிலிருந்து தெரியாத இலக்கங்களிலிருந்து அழைப்பு வருகிறது. எடுத்தால் கதை இல்லை. காற்று மட்டும். பஸ்ஸுக்கு நிற்கும்போது என் பெயருக்குக் கீழேயே நிற்கிறேன்.

அந்தத் தம்பி இன்றைக்கும் வந்திருக்கிறார். கடைசி வரிசையில். அக்காவின் படத்துக்கு மாலை போட்டார். கும்பிட்டார். வந்ததற்கு நன்றி, தம்பி. நீங்கள் கேட்டதற்கு எல்லோர் முன்னாலும் பதில் சொல்லத்தான் நினைத்தேன். தனியாகச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

எடுப்பது சுலபம். ஓரிடத்தில் அழுத்த வேண்டும், அது உண்மையாகவா என்று கேட்கும், இன்னொரு தரம் அழுத்த வேண்டும். போய்விடும். நேற்று அந்தக் கேள்வி வரைக்கும் போனேன். உண்மையாகவா? திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அழுத்தினால் புனிதமலருக்கு அக்கா கொடுத்த வாக்கும் போகும். தேடுகிறேன் என்றவர் தேடிக் கண்டதும் போகும். கிணறு உப்பாகவே இருக்கும், உப்பு என்று சொன்ன ஆள் மட்டும் இல்லாமல் போவார். அது இரண்டாவது சாவு. அதை நான் என் விரலால் செய்ய வேண்டும்.

கைபேசியை மூடிவைத்தேன். துணிவால் அல்ல. இரண்டு பக்கமும் பயம். அழிப்பதில் இருந்த பயம் கொஞ்சம் கூடிவிட்டது.

எனக்கு முன் பேசிய எல்லோரும், அமரரின் பணியைத் தொடர்வோம் என்றீர்கள். கை தட்டினோம். எப்படித் தொடர்வோம்? யார் பெயரில் தொடர்வோம்? அவரின் பெயரிலா? அவர் இனிக் கடைக்கு வந்து யாருக்கும் பதில் சொல்லமாட்டார். என் பெயரிலா? ஒரு பெயர் என்றால் ஒரு கேற். ஒருவர் வந்து அதில் நின்றால் போதும்.

வகுப்பில் அக்கா சொல்லாமல் விட்ட ஒரு லாபம் இருக்கிறது. அன்று நேரம் போதவில்லை, வடை ஆறிக்கொண்டிருந்தது. ஒரு வலைப்பூவை ஒரே ஆள் எழுத வேண்டும் என்று இல்லை. எத்தனை பேரையும் சேர்க்கலாம். எத்தனை பேரும் ஒரு பதிவுக்குக் கீழே, இது என்னுடைய கிணறும்தான் என்று எழுதலாம். உங்கள் கிணறு உப்பா? எனக்குத் தெரியும், உங்களில் பலர் இப்போது குடிதண்ணீரைப் பவுசர் லொறியில் வாங்குகிறீர்கள். அதை எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா? ஒருவரிடமாவது உரத்துச் சொல்லியிருக்கிறீர்களா?

நான் வீரம் கேட்கவில்லை. என்னிடமே அது இல்லை. பெயர் கேட்கிறேன். பெயரும் ஊரும். கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி. எழுத்துப்பிழையை நான் திருத்துகிறேன்.

சுகந்தினி அக்கா. நீங்கள் தொடங்கியதை நான் மூடமாட்டேன். இதை நான் பயந்துகொண்டே சொல்கிறேன். ஆனால் ஒலிவாங்கியில் சொல்கிறேன்.

வணக்கம்.

*

உரையைப் பேசியபடியே மேலே பதிவிட்டிருக்கிறேன். மேடையை விட்டு இறங்கி, வாசலுக்குக் கிட்ட ஒரு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இருந்தேன். கனநேரம் யாரும் வரவில்லை. முதலில் பிரதாபன் அண்ணா வந்தார். பிறகு தலைவர். பிறகு, வெண்காயத் தோட்டம் செய்யும் மாமி ஒருவர், முழுப்பெயர் வேண்டாம் பிள்ளை, முதலெழுத்தை மட்டும் போடும் என்றார். போட்டேன். மூவரிடமும் மின்னஞ்சல் முகவரி இருக்கவில்லை. கதிரைகளை இழுத்துப் போட்டு இருத்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு முகவரி திறந்து, வலைப்பூவில் எழுதுபவராகச் சேர்த்தேன்.