வளைவுக்குப் போன மூச்சு

வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவராய் நடுக்கதிரையில் நிமிர்ந்து வீற்றிருக்கும் பரமலிங்கம் அண்ணை அவர்களே! விடுதியை விட்டு வர நேரமில்லாதபோதும் வந்து நிற்கும் தாதியரே! வெயிலையே பந்தலாக்கி அமர்ந்திருக்கும் பெரியோரே! பிள்ளையை மடியிலும் பொறுமையை நெஞ்சிலும் சுமந்திருக்கும் தாய்மாரே! முல்லைத்தீவுக் கரையை விட்டு வந்தும் கடலின் குரலை விடாத சகோதரரே! மலையிலிருந்து இறங்கி வந்து இந்தக் காட்டைக் கழனியாக்கிய உறவுகளே! எல்லோருக்கும் ஐயாத்துரை ஸ்ரோர்ஸ் ஐயாத்துரையின் வணக்கம்.

புதிய மகப்பேற்று விடுதியை வாழ்த்திப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மாலையும் போட்டார்கள். அந்த மாலையை இதோ கழற்றி மேசையில் வைக்கிறேன். கை தட்டாதேங்கோ தம்பிமார்! நான் இன்னும் தட்டுகிற மாதிரி ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் எல்லோரும் வாசலில் நிற்கும் இரும்பு வளைவுக்குள்ளால்தானே வந்தீர்கள்? அழகான வளைவு. இரண்டு பக்கமும் அன்னம். நடுவில் தாமரை. தாமரைக்குக் கீழே, "அன்பளிப்பு: ஐயாத்துரை ஸ்ரோர்ஸ்." இரும்பு என்னுடையது. "விழாவுக்கு முதல் கெதியாய் வெட்டி முடியுங்கோ" என்று அந்தரப்படுத்தியவனும் நான்தான். ஆனால் அந்த இரும்பை வெட்டிய காற்று ஆருடைய காற்று? ஆருடைய மூச்சு? ஆருடைய உயிர்?

சொல்கிறேன், கேளுங்கோ. இரும்பு வெட்டுகிற பட்டறைக்கு ஒட்சிசன் கொண்டுவர வழியில்லை. தடை. வவுனியாச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறிக்கிறார்கள். நம் வைத்தியசாலைக்கு மட்டும், கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, இரண்டு சிலிண்டர் வந்தது. இரண்டே இரண்டு! சிலிண்டர் அறைச் சாவி சங்கத்திடம். ஒன்றை வளைவு வெட்டக் கொடுத்தார்கள். வெட்டி முடித்துவிட்டு, வெறும் சிலிண்டரைக் கொண்டுவந்து பழைய இடத்தில் பவ்வியமாக நிறுத்திவிட்டுப் போனார்கள்.

அதைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். சிற்றூழியர் வடிவம்மா அக்கா. அதோ, தூணோடு நிற்கிறா. சிலிண்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது கணீர்னு சத்தம் போடுதுங்க. உள்ள ஒண்ணுமில்லீங்க" என்று சங்கத்துக்காரருக்குச் சொன்னா. என்ன மறுமொழி கிடைத்தது? "மானியின் முள்ளைப் பார். நிறைஞ்சுதானே காட்டுது. தேயிலை கிள்ளினவைக்கு ஒட்சிசனைப் பற்றி என்ன தெரியும்?"

தேயிலை கிள்ளிய கைதான் உண்மையைத் தட்டியது! மானியின் முள்ளோ எட்டு மாதமாய் ஒரே இடத்தில் இறுகி நிற்கிறது. சிலிண்டர் நிறைந்தாலும் நிறைவு, வெறுமையானாலும் நிறைவு! என் கடைத் தராசின் முள் இப்படி இறுகி நின்றால் என்னைச் சும்மா விடுவீர்களோ?

என்ன அம்மா? "கடையைக் கொளுத்துவம்" என்கிறியளோ? கொளுத்துவியள். எனக்குத் தெரியும்.

போன புதன்கிழமை. மத்தேயுவின் மனைவி மார்கிறட், கருவாட்டுக் கூடையோடு சைக்கிளால் விழுந்து, வலது கை முறிந்து வந்தாள். கிழமைக்கு ஒருநாள் வரும் டொக்டர், எலும்பைப் பொருத்த மயக்க ஊசி போட்டார். மயக்க ஊசி நோவை மட்டுமா உறங்க வைக்கும்? மூச்சையும் உறங்க வைக்கும். நாக்குப் பின்னுக்குச் சரியும். மூக்கால் போகிற காற்று மெல்ல மெல்ல மெலியும். அதற்காகத்தான் இரண்டு முனைக் குழாயை மூக்கில் வைத்து ஒட்சிசன் விடுகிறார்கள். டொக்டர் முள்ளைப் பார்த்தார், நிறைவு. குழாயை வைத்தார். கதவடியில் நின்ற மத்தேயு அந்தக் குழாயைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். இனிப் பயமில்லை என்று நினைத்தான்.

மூக்கில் குழாய் இருந்தது. குழாயில் காற்று இல்லை!

எல்லோரும் கையைப் பார்த்தார்கள். வடிவம்மா அக்கா முகத்தைப் பார்த்தா. பஞ்சில் ஒரு இழை பிய்த்து மார்கிறட்டின் மூக்கடியில் பிடித்தா. இழை அசையவில்லை. "டொக்டர், புள்ள மூச்சு விடலீங்க!" என்று கத்தியபடியே முகவாய் நாடியைத் தூக்கிப் பிடித்தா. உதடு நாவற்பழம். டொக்டர் முகமூடியை அழுத்தி, கையால் அமுக்கிற பையால் காற்று ஊதி, ஊதி, ஊதித்தான் அந்தப் பிள்ளையைத் திருப்பி எடுத்தார். உயிர் வந்தது. கை பொருந்தவில்லை.

அந்தா, முன்வரிசையில் இருக்கிறாள் மார்கிறட், பலகை வைத்துக் கட்டிய கையோடு. டொக்டர் நாளைக்கு வருகிறார். "நாளைக்கும் பொருத்தாவிட்டால் கை கோணலாய் ஒட்டிவிடும். ஆனால் ஒட்சிசன் இல்லாமல் ஊசியைத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் சொன்னது நியாயம். தடையைத் திட்டுங்கோ, நானும் திட்டுகிறேன். ஆனால் தடையைத் தாண்டி வந்த மூச்சை வாசலில் வைத்து இரும்புக்கு ஊட்டியவர்கள் ஆர்? நாங்கள்! நான்!

"மற்றச் சிலிண்டர் எங்கே?" என்று ஆரோ கேட்கிறியள். அப்படிக் கேளுங்கோ!

தலைவர் அவர்களே, நீங்கள் சொல்கிறீர்களோ, நான் சொல்லட்டோ? நேற்று ஒரு கலப்பை பார்க்கிற சாட்டில் உங்கள் பட்டறைக்கு வந்தேன். கிடுகுக் கூரைக்குக் கீழே நிற்கிறது. உழவு மெசின் பெட்டி ஒட்ட எடுத்தது, ஒட்டி முடிந்தும் வரவில்லை. தட்டிப் பார்த்தேன், மந்தமான சத்தம். இன்னும் இருக்கிறது! அதில் பூட்டியிருக்கிற மானியோ துடிப்பாய் வேலை செய்கிறது. இரும்புக்கு நல்ல மானி, மனுசருக்கு இறுகின மானி! இது எந்த ஊர் நியாயம் அண்ணை?

என்ன சொல்கிறீர்கள்? "விடிய அனுப்பிறன்" என்றோ? விடிய வேண்டாம். உங்கள் பட்டறை இந்த வேலிக்கு அந்தப் பக்கம். மத்தேயு, என்ரை லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் வாசலில் நிக்குது. போய் ஏத்திக்கொண்டு வா. மானியோடு சேர்த்து. பின்வழியால் வேண்டாம், அந்த வளைவுக்குள்ளால் கொண்டு வா. அது வரும்வரைக்கும் நான் இந்த ஒலிவாங்கியை விடமாட்டன்.

இருங்கோ அண்ணை, எழும்பாதேங்கோ. தலைவர் இல்லாமல் கூட்டம் நடக்கக் கூடாது.

இனிமேல் சாவி வடிவம்மா அக்காவிடம் இருக்கட்டும். சரியோ? ஓம் என்கிறவர்கள் கை உயர்த்துங்கோ. தாய்மார் எல்லோரும் உயர்த்தியாச்சு. அண்ணை, நீங்கள்? ஆ... உயர்த்திவிட்டார்.

வருகிறது. வழி விடுங்கோ. மெல்ல இறக்கு மத்தேயு. பிள்ளைகளே, சத்தம் போடாதேங்கோ. வடிவம்மா அக்கா, முன்னுக்கு வாங்கோ. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒருக்கால் தட்டிக் காட்டுங்கோ.

கேட்டதோ? கணீரென்று இல்லை. மந்தமாய், நிறைந்த வயிற்றின் சத்தம். மார்கிறட் தங்கச்சி, நாளைக்குப் பயப்படாமல் கையை நீட்டு. அந்த வளைவில் இருக்கிற என் பெயரை நாளைக்கே நான் சுரண்டிப்போடுறன்.

வடிவம்மா அக்கா, இந்த மாலை உங்களுக்கு. மூச்சைப் பார்த்த கண்ணுக்கு என் நன்றி. மூச்சுப் பிடித்துக் கேட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.