புத்தூர் கட்டு

மதியம் சாப்பிட்டதும் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு தூக்கம் போடுவோம் சார். விடிவதற்கு முன்னே கழனிக்குப் போகிற குடும்பம். சோம்பேறித்தனம் என்று யாரும் சொன்னதில்லை. என் பெண் காவ்யா தலை சாய்த்தவுடன் தூங்கிவிடுவாள். அம்மா இல்லாத பெண். மூத்தவன் ஹேமநாத் வேலை கிடைத்துப் பெங்களூர் போனவன், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு இப்போது போனில் மட்டும் இருக்கிறான். ஆக வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

இரண்டாயிரத்து ஏழில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் காவ்யாவுக்கு வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் தங்கி, நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. ஆர்டர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவள் வந்த பஸ் கவிழ்ந்தது. குழாய் புதைக்க ரோட்டை வெட்டிய நகராட்சிக்காரர்கள் பள்ளத்தை மூடாமல் போயிருந்தார்கள். எந்த ஊர் நகராட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. கேஸ் முடிந்துவிட்டது, இனி அவர்களை இழுப்பது நியாயமில்லை. அவளுக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

எங்கள் பக்கம் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுதான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனோம். கட்டுக்காரர் பச்சிலை அரைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். "மூணு கட்டுல சேந்துடும். கட்டை மட்டும் யாரும் தொடக்கூடாது" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கை போகிற விதத்தைப் பார்த்துக்கொண்டேன். கம்பெனிக்காரர்களும் நல்ல மாதிரி, கால் சேர்ந்ததும் வரச் சொன்னார்கள்.

நகராட்சி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டவர் வக்கீல் நாகபூஷணம். இங்கே கோர்ட் எல்லாம் தெலுங்குதானே, மனுவைத் தெலுங்கில் படித்துக் காட்டினார். வலது காலைத் தெலுங்கில் குடி காலு என்பார்கள். "பாத்தியா நைனா, என் காலு குடிச்சிட்டு உழுந்துச்சின்னு எழுதிக்கீறாரு" என்று காவ்யா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்தபோது வக்கீல் என்னிடம் மட்டும், "பொண்ணு நல்லா நடந்துட்டா கேசு நடக்காது ஆதிநாராயணா" என்றார். அவர் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரை கொடுத்தால் காவ்யா மதியத்தில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். அப்போது கட்டை வெந்நீரில் நனைத்து அவிழ்ப்பேன். சிம்பை நகர்த்தி, காலைப் பிடித்து லேசாகத் திருப்புவேன். மறுபடி இருந்தபடியே கட்டிவிடுவேன். முரட்டுத்தனமாகச் செய்ததே இல்லை. பெற்ற பிள்ளை அல்லவா.

மூன்று கட்டு ஐந்தாயிற்று. "இள எலும்பு, இது ஏன் சேர மாட்டேங்குது" என்று கட்டுக்காரர் குழம்பினார். காவ்யா அழுதாள். "நான்தான் தூக்கத்துல காலை ஒதறிக்கிறேன் போலக்குது நைனா. எழுந்தா உசுரே போவுது." அன்றிலிருந்து துப்பட்டாவால் காலைக் கட்டிலோடு கட்டிக்கொண்டு தூங்கினாள். அந்த முடிச்சையும் நான் அவிழ்க்க வேண்டியதாயிற்று. திரும்ப அவள் போட்ட மாதிரியே போட வேண்டும். சின்ன முடிச்சு, கை பழகச் சில நாளாயிற்று.

சித்தூரில் டாக்டர்கள் பார்த்து, ஊனம் நாற்பது பர்சென்ட் என்று எழுதிக் கொடுத்தார்கள். திரும்பும் பஸ்ஸில் அவள் முகம் தெளிந்திருந்தது. "கேசுக்கு வேண்டிய பேப்பர் வந்துடுச்சி. இனிமே சேந்துட்டா போதும் நைனா. கம்பெனில இன்னும் ஒரு மாசம் டைம் குடுத்துக்கீறாங்க" என்றாள். "சேந்துடும்மா" என்றேன்.

மறுநாள் மதியமும் அவிழ்த்தேன். அதற்கடுத்த நாளும். கம்பெனி கொடுத்த அந்த மாதம் முடிகிற வரைக்கும் அவிழ்த்தேன். கேஸ் விஷயம் பாருங்கள், ஜாக்கிரதையாக இருப்பது நல்லது என்றுதான்.

கால் கோணலாகச் சேர்ந்தது. கேஸ் ஜெயித்தோம். ஆனால் மூன்று வருடமாக எனக்கு மதியத் தூக்கம் சரியில்லை. படுத்தது என் பாயில் என்று நன்றாக நினைவிருக்கும். கண் திறந்தால் அவள் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பேன். எனக்கே பயமாக இருக்கிறது சார்.

போன வாரம் ரேணிகுண்டாவில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றுக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன் என்று சொல்லிவிட்டாள். நேற்று மதியம் கண் திறந்தபோது அவள் கால் என் இரண்டு கைக்குள்ளும் இருந்தது. இடது கால்.

அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னை உள்ளே வையுங்கள். காவ்யாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் சார். பாவம், நான் இல்லாமல் அவளால் நடக்க முடியாது.