இடப்பக்கம் ஒரு திருகு

அன்று கூடத்தில் நாங்கள் நால்வர். சோபாவில் என் மனைவி, அழுது முடித்த முகத்தோடு. எதிரே நாற்காலியில் என் அக்கா, நீதிபதி மாதிரி. கதவோரம் ஸ்டூலில் என் மாமியார். நான் தரையில், எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில். அதை யாரும் விசாரிக்கவில்லை.

மனைவிக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. முட்டை வளரவில்லை. "எடை கொஞ்சம் இறங்கட்டும், ஊசி ஆரம்பிச்சிடலாம். மனசு நிம்மதியா இருக்கணும், அதான் முக்கியம்," என்றார் டாக்டரம்மா. எடையை அவள் பார்த்துக்கொண்டாள். நிம்மதியை நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன்.

மெஷினின் அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. இடப்பக்கம் திருப்பினால் முள் பின்வாங்கும். அவள் ஏறுவதற்கு முன்னால் வாராவாரம் லேசாகத் தொட்டு வைத்தேன். "என்னங்க, மறுபடியும் இறங்கிட்டேன்," என்று அவள் சிரித்தால் வீடே வெளிச்சமாகும். அதான் இளைத்துவிட்டோமே என்று நடைப்பயிற்சியை நிறுத்தினாள். அது அவளாக எடுத்த முடிவு.

கிளினிக் மெஷினுக்கு இந்த நாகரிகமெல்லாம் தெரியாது. எடை கூடியிருந்தது. ஊசி தள்ளிப்போனது.

வீட்டில் விசாரணை. தினமும் பழச்சாறு பிழிந்து கொடுத்தவர் மாமியார்.

"சம்பந்தியம்மா கை பட்டா பச்சத்தண்ணியும் சதை போடும்," என்றாள் அக்கா.

"ஏம்மா, நான் குழந்தை பெத்துக்கணுமா, இல்ல காலம் பூரா நானே உனக்குக் குழந்தையா இருக்கணுமா?" என்றாள் மனைவி.

"சத்தியமா சர்க்கரை போடலடி. மாப்பிள்ளை, நீங்கதானே தினம் ருசி பார்த்தீங்க? நீங்களே சொல்லுங்க."

நான் யோசித்தேன். எனக்குப் பொய் வராது. பழம் என்றால் இனிக்கத்தானே செய்யும்.

"கொஞ்சம் இனிப்பாத்தான் இருந்தது, அத்தை."

அவர் மாலையே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அதன்பின் தாயும் மகளும் பேசிக்கொள்வதில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது சரிதான்; ஆனால் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் வீடு தாங்காது.

மனசாட்சி உறுத்தியதால் மாமியாருக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். 'திருகியவன் நான்தான். உங்கள் பழச்சாற்றில் குற்றமில்லை. பழியை மட்டும் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். தங்கள் மகளின் மனசு நிம்மதியாக இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு.' உறையை ஒட்டித் தபால் நிலையத்தில் நீட்டினேன்.

கவுண்டர்காரர் தராசில் வைத்தார். "எடை கூடுதலா இருக்கு சார். இன்னொரு ஸ்டாம்ப் ஒட்டணும்."

நான் குனிந்து பார்த்தேன்.

"அடியில ஒரு திருகு இருக்கும் பாருங்க," என்றேன். "இடப்பக்கமா லேசாத் தொட்டு, அனுப்பிடுங்க."