ரெண்டு கப் உரம்

"ராத்திரியெல்லாம் கனவுல இலை கருகுது, கமலா."

கடக்வாஸ்லா போகும் பஸ். விடிகாலைப் பனியில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அரைத் தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்த என்னை முன் சீட்டுக்காரரின் குரல் எழுப்பியது. தைலம் எடுப்பதற்காக ரோஜாத் தோட்டம் போட்டிருக்கிறாராம். நேற்று சாயங்காலம் இலைகளில் உரம் தெளித்திருக்கிறார்.

"ஸ்பிரே டேங்குக்கு ஒரு கப்னுதான் சொன்னாங்க. மொட்டு வந்துடுச்சேன்னு நான் ரெண்டு போட்டுட்டேன்."

"சாம்பாருக்கு உப்பு போடுற அதே கை," என்றார் மனைவி.

"சிரிக்காத. இலை கருகுனா பூ சிறுத்துடும். அப்புறம் எண்ணெய் ஏது? பேக்டரி வேலைய விட்டுட்டு வந்தவன், நம்ம கட்கி ஏரியாவுல எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நடப்பேன்?"

பஸ் தாலாட்டிக்கொண்டே போனது. அந்த அம்மா பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

"நீங்க பீடி வாங்கப் போனப்ப, டேங்குல பாதிய கீழ கொட்டிட்டு தண்ணி ரொப்பி வெச்சேன்."

"அரே! அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா இன்னொரு கப் போட்டிருப்பீங்க."

அவர் டீயைக் குடித்துவிட்டு, கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார்.

தூக்கம் போனது எனக்குத்தான். என் பால்கனியில் இருப்பது ஒரே ஒரு ரோஜாத்தொட்டி. அதற்கு நேற்று ஒரு ஸ்பூனுக்குப் பதிலாக மூன்று ஸ்பூன் உரம் கரைத்து அடித்தவன் நான். எனக்குத் தெரியாமல் பாதியைக் கொட்ட என் வீட்டில் ஆளில்லை. இலைகளைக் கழுவிவிட, அடுத்த நிறுத்தத்திலேயே குதித்து, திரும்பிப் போகும் பஸ்ஸைத் துரத்தினேன்.